தாலந்து யாருக்கு?



1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியை ஏந்தி நடந்தவர் நாகா மலைகளைச் சேர்ந்த தலிமெரென் ஆவ். போதகரின் மகன், இந்தியக் கால்பந்து அணியின் தலைவர். அணியினரில் பெரும்பாலோர் வெறுங்காலுடனே ஆடினர். பிரான்சிடம் 2-1 என்று தோற்றனர். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. ஆயினும் உலகம் அவர்களை வியந்து பார்த்தது.

கல்கத்தாவின் மோகன் பகான் அணியிலும் ஆவ் புகழ்பெற்றிருந்தார். ஆனால், மருத்துவம் கற்றுத் தன் ஜனத்துக்கு ஊழியம் செய்யவேண்டும் என்பது மறைந்த தகப்பனாரின் விருப்பம். மகன் அதை மறக்கவில்லை. 1950-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்பு கோகிமா மருத்துவமனைக்குச் சென்றார். 1978-இல் ஓய்வுபெறும்வரை நாகாலாந்து மக்களின் சுகத்துக்காகவே உழைத்தார்.

அழிந்துபோகும் கிரீடத்தையும் அழியாத கிரீடத்தையும் பவுல் 1 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரத்தில் ஒப்பிடுகிறார். ஆனாலும் ஓடுவதை அவர் குறைகூறவில்லை. எதற்காக ஓடுகிறோம் என்றே கேட்கிறார்.

தொரப்பள்ளியிலிருந்து ஓசூர் ஆலைகளுக்கு ஷிப்டுக்குச் செல்லும் வாலிபரே, உங்கள் உழைப்பும் திறமையும் தேவன் தந்தவை. சம்பளமும் பதவி உயர்வும் நல்லவையே. ஆனால் உங்களைப் பெற்றவர்களும், உங்களை வளர்த்த ஊரும் அவற்றால் என்ன பெற்றார்கள்? இந்த வாரம் ஜெபத்தில் இதைக் கர்த்தரிடம் கேளுங்கள்.

ஆமென்.