கரிசல் மண்ணும் அணியிலக்கணமும்

உவமை, உருவகம் என்னும் சொற்களை நாள்தோறும் வகுப்பில் வழங்கி வருகின்ற நமக்கு, அவற்றின் பெயரால் ஒரு சிறுவன் படிப்பையே விடத் துணிந்தான் என்பது நம்புதற்கரியதாகவே இருந்தது.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமிற்காக நம் மாணவர்களுடன் கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் ஏழு நாள் தங்கியிருந்தோம். சுற்றிலும் மானாவாரிக் கரிசல். மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளித் திண்ணையில் பாடம் சொல்லிக் கொடுப்போம். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் புத்தகத்தைத் திறக்கவில்லை. காரணம் வினவினோம்.

"இங்கிலீஷ்ல பெயிலு சார். அண்ணன் மாதிரி கடலைமிட்டாய் போடுத எடத்துக்கே போயிருதேன்."

விடைத்தாளை வாங்கிப் பார்த்தோம். சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன் ஆகியவற்றைச் செய்யுளடிகளில் இனங்காட்டச் சொல்லும் வினாக்கள் அனைத்திலும் தவறியிருந்தான். மெட்டஃபர் என்றால் என்னவென்று கேட்டதும் குறிப்பேட்டிலுள்ள ஆங்கில வரையறையைப் பிழையின்றி ஒப்பித்தான். எடுத்துக்காட்டு ஒன்று கேட்டோம், தலை குனிந்தான்.

"சரி தம்பி, உருவகம் தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா அது தமிழ்ப் பாடம்லா?"

அம்மறுமொழி நம்மைச் சுட்டது. தமிழ் வகுப்பினுள் ஆங்கிலக் கலைச்சொல் ஒன்றும் நுழையலாகாது என்று பதினைந்து ஆண்டுகளாகப் பிடிவாதம் பிடித்து வந்தவர் நாம். மொழிப்பற்று என்று அதற்குப் பெயரும் இட்டிருந்தோம். சிறுவனின் தலைக்குள் சுவர் எழுப்பியதில் நம்மைப் போன்றோர்க்கும் பங்குண்டு.

அவ்வேளையில் அவனுடைய ஆச்சி அவனைத் தேடி வந்தார். மழை எப்படி என்று பேச்சுக்குக் கேட்டோம். "என்னத்தச் சொல்ல அய்யா, கம்மாய் கட்டாந்தரையால்லா கெடக்கு. புஞ்சையும் தண்ணி கேட்டு வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு" என்றார். பையனைப் பார்த்தோம். கம்மாய் கட்டாந்தரை 'போல' இருக்கிறது என்றிருந்தால் உவமை, அதுவே சிமிலி. உருபை விடுத்து இரண்டையும் ஒன்றாக்கினார், அது மெட்டஃபர். ஊரார் சிரித்தனர் என்பதற்கு ஊர் சிரித்தது என்கிறோமே, அந்த ஆகுபெயர்தான் மெட்டானிமி. மெட்டஃபர் என்னும் சொல்லின் கிரேக்க மூலத்திற்கு ஓரிடத்திலிருந்து ஓரிடத்திற்குச் சுமந்து செல்லுதல் என்பதே பொருள் என்று சொன்னபோது, பருத்தித் தாட்டு சுமக்கிற மாதிரியா என்று கேட்டான். இதைவிட நல்ல விளக்கம் நமக்குத் தெரியாது.

அணிகளைக் காட்டிலும் இலக்கணத்தில்தான் சிக்கல் மிகுதி. நேற்று வந்தேன் என்பதனை 'எஸ்டர்டே கேம்' என்றே எழுதியிருந்தான். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்திருந்தார். பிழை எங்கிருந்து பிறந்தது என்று நோக்குதல் வேண்டும். தமிழ் வினைமுற்று தன் விகுதியிலேயே திணை, பால், எண், இடம் காட்டி நிற்கும். ஆதலின் எழுவாய் தோன்றாதிருத்தல் இயல்பு. ஆங்கில வினைக்கு அவ்வாற்றல் இல்லை. 'ஐ' என்று முன்னே ஒருவரை நிறுத்தியாக வேண்டும். அவ்வாறே, கம்மாயில் என்னும்போது நம் உருபு பெயரின் பின்னே ஒட்டுகிறது. 'இன்' என்னும் பிரிபொசிஷனோ பெயரின் முன்னே நிற்கிறது. ஆர்ட்டிகிளுக்கு நிகரானது நம்மிடம் இல்லவே இல்லை; அதை அப்படியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

ஒரு மொழியின் இலக்கணம் கொண்டு பிறிதொரு மொழிக்குள் நுழைதல் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் தொண்டாற்றியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680இல் பிறந்த அவர், ஐரோப்பியர்க்குப் பேச்சுத் தமிழைக் கற்பிக்கக் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அவரவர் அறிந்த இலத்தீன் கலைச்சொற்களே அவர்களுக்குப் படிக்கட்டாயின. தமிழர்க்கோ தொன்னூல் விளக்கத்தைத் தமிழ் மரபுப்படி எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்தாக வகுத்துத் தந்தார். சமணர் பவணந்தியார், பௌத்தர் புத்தமித்திரனார், கிறித்தவர் வீரமாமுனிவர் என்று எல்லாச் சமயத்தாரும் இலக்கணம் செய்த மொழி இது.

பாடம் முடிந்ததென்று எழுந்தோம். பையன் விடவில்லை.

"சார், ஆச்சி சொன்னதுல ரெண்டாவது என்னது? புஞ்சை தண்ணி கேட்டு வாயப் பொளந்துச்சுன்னது?"

மண் வெடித்தல் இயற்கை. அதற்குத் தாகம் என்று காரணம் கற்பித்தது ஆச்சியின் மனம். தற்குறிப்பேற்றம் என்றோம். "இங்கிலீஷ்ல?" என்றான். பெர்சானிஃபிகேஷன் என்று வாய்வரை வந்தது. மண்ணுக்கு வாய் தந்த அளவில் அது சரி. காரணம் கற்பித்தது அப்பெயருக்குள் அடங்கவில்லையே! நாளை சொல்வதாகக் கூறினோம்.

மறுநாள் முகாமிலிருந்தவாறே நம் கல்லூரி ஆங்கிலத் துறை நண்பருக்குத் தொலைபேசியில் பேசினோம். பக்கத்து அறையில் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றியும் அவரிடம் பாடம் பற்றி நாம் கேட்ட முதல் ஐயம் அதுவே. அவர் சற்று நேரம் எண்ணிவிட்டு, "அந்தப் பாட்டி சொன்னதை இன்னொரு தரம் அப்படியே சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார்.