மூன்றாம் பருவத்தில் வந்து சேர்பவர்கள்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்புவது அதன்பின் அவ்வூரின் அன்றாடமாயிற்று. அத்தகைய வீட்டில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை டிப்ளமோவைத் தேர்வதில் தெளிவான கணக்கு ஒன்று உண்டு. பி.யு.சி. இரண்டாண்டு, பொறியியல் நான்காண்டு என்றாலும் ஆறு. டிப்ளமோ மூன்று, நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையில் பொறியியல் மூன்று என்றாலும் ஆறுதான். ஆனால் இரண்டாம் வழியில் பாதித் தொலைவிலேயே வேலைக்கு உதவும் சான்றிதழ் ஒன்று கையில் இருக்கும். தந்தையின் வருமானம் நின்றுபோனால் அதுவே குடும்பத்தைத் தாங்கும்.

டிப்ளமோவுக்கு உரிகத்தில் ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் இருக்கிறது. பட்டத்துக்கு டாக்டர் டி. திம்மையா தொழில்நுட்பக் கல்லூரி தங்கவயலிலேயே இருக்கிறது. டி.சி.இ.டி. நுழைவுத் தேர்வை எழுதி இடம் பெற்ற மாணவர் மூன்றாம் பருவத்தில் அமர்கிறார். இடர் தொடங்குவது அங்கேதான்.

விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2018-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் மூன்றாம் பருவக் கணிதம் லாப்லாஸ் உருமாற்றத்தையும் ஃபூரியே தொடரையும் கொண்டிருந்தது. இரண்டுமே தொகை நுண்கணிதத்தின் மீது எழுந்தவை. முதலாண்டை வகுப்பறையில் கழித்தவர்கள் அதை முன்பே கற்றிருப்பார்கள். டிப்ளமோ மாணவருக்கோ அந்த அடிப்படை ‘கூடுதல் கணிதம்’ என்னும் தனித்தாளாக அதே பருவத்தில் வந்தது. காலையில் ஃபூரியே கெழுக்களைக் கண்டுபிடிக்கச் சொன்ன கல்வி, அதற்குத் தேவையான தொகையிடலைச் சில வாரங்கள் கழித்துக் கற்பித்தது. அந்தத் தாளுக்கு மதிப்பலகு இருக்கவில்லை; தேறாவிட்டால் பட்டமும் இல்லை என்ற நிலை இருந்தது. உழைப்பைக் கேட்டுவிட்டு அதற்குக் கணக்கில் இடம் தராத ஏற்பாட்டை உதவி என்று அழைப்பது கடினம்.

இம்மாணவர்களைப் பின்தங்கியவர்கள் என்று கருதுவதும் பிழை. பணிமனையில் லேத்தின் முன் தயங்குபவர் பெரும்பாலும் அவர் அல்லர், பக்கத்து மாணவர்தாம். (அந்தத் திறனுக்குக் ‘கூடுதல் பணிமனை’ என்று மற்றவர்களுக்குத் தாள் வைத்தவர் எவருமில்லை.)

செய்யக்கூடியது பெரிதன்று. சேர்க்கை உறுதியான நாளுக்கும் வகுப்பு தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட வாரங்களில் தொகை நுண்கணிதத்தை மட்டுமாவது முடித்துவிடலாம். சேர்க்கை தாமதமானால், அப்பகுதி முடியும்வரை ஃபூரியே தொடரைத் தள்ளிவைக்கலாம். கற்பிக்க, சென்ற ஆண்டு இதே வழியில் வந்து தேறிய மூத்த மாணவரை ஊதியம் கொடுத்து அமர்த்தலாம். எந்த வரியில் பேனா நின்றுபோகும் என்பது அவருக்குத் தெரியும். அதைத் தமிழிலோ கன்னடத்திலோ சொல்லவும் தெரியும்.