காத்தைச் சலிக்கற வேலை

"என்ன வேலை பாக்குறே?"ன்னு ஊர்ல யாராவது கேட்டா, "காத்துல கலந்திருக்கற கரியமில வாயுவைப் பிரிச்சு எடுக்கற மெஷினை டிசைன் பண்றேன்"னு சொல்லுவேன். கீரமங்கலம் பக்கம் இதுக்கு ஒரே பதில்தான். "ஏம்ப்பா, அதுக்குத்தான் மரம் இருக்கே!" :-)

நியாயமான கேள்வி. மொக்கை போடாம கணக்கைச் சொல்லிடறேன்.

காற்றில் கரியமில வாயு சுமார் 0.04 சதவீதம்தான். ஒரு கன மீட்டர் காத்தை முழுசா சலிச்சாலும் முக்கால் கிராம்தான் தேறும். ஒரு டன் சேரணும்னா குறைஞ்சது 13 லட்சம் கன மீட்டர் காத்து உள்ளே போகணும். அதனால என் கவலையில பாதி ஃபேனைப் பத்தினதுதான். வடிகட்டியை நெருக்கமா வச்சா வாயு நல்லா ஒட்டும், ஆனா காத்தைத் தள்ள கரண்ட் எகிறும். இடைவெளி விட்டா கரண்ட் மிச்சம், வாயு நழுவிடும். ஒட்டின வாயுவைப் பிரிக்க, பெட்டியை இறுக்கி மூடி 100 டிகிரி வரை சூடாக்கணும். திரும்பத் திரும்ப சூடாகி ஆறுற அந்தக் கதவுக்கு, கசியாத சீல் போடறதுக்குள்ள தாவு தீர்ந்துடும்.

இதே வாயுவை இதைவிட சுலபமா பிடிக்கற இடமும் நம்ம பக்கம் உண்டு. தூத்துக்குடியில் ஒரு சோடா உப்பு ஆலையில், நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து வருஷத்துக்கு 60,000 டன் பிடிக்கற மாதிரி 2016-லயே அமைச்சாங்க. அந்த மாதிரி புகையில் வாயு 10 சதவீதத்துக்கும் மேல. ஆனா அது புதுசா போறதைத்தான் தடுக்கும். ஏற்கனவே மேலே போனதை எடுக்காது.

மரம் எடுக்கும், மறுக்கலை. ஆனா 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் வந்துட்டுப் போனதும் எங்க பக்கம் தென்னை, பலா எல்லாம் வேரோட சாய்ஞ்சு கிடந்ததே... எங்க சித்தப்பா தோப்பும் அதுல ஒண்ணு. விழுந்த மரம் மக்கினாலும் எரிச்சாலும், அதுல சேர்ந்த கரி திரும்ப காத்துக்கே போயிடும். ஐஸ்லாந்தில் வாயுவைத் தண்ணியில கரைச்சு எரிமலைப் பாறைக்குள்ள செலுத்தறாங்க. பெரும்பகுதி ரெண்டு வருஷத்துக்குள்ள கல்லாயிடுதுன்னு 2016-ல் ஆய்வு முடிவு வந்தது. கல்லை எந்தப் புயலும் சாய்க்காது.

அதுக்காக ரொம்பப் பீத்திக்கவும் முடியாது. அதே ஐஸ்லாந்தில் 2024-ல் ஓட ஆரம்பிச்ச 'மாமத்' நிலையத்தோட முழுத் திறன் வருஷத்துக்கு 36,000 டன். உலகம் நிலக்கரி, பெட்ரோல், கேஸ் எரிச்சு விடறது வருஷத்துக்கு சுமார் 3,700 கோடி டன். அதாவது அந்த நிலையத்தோட ஒரு வருஷ உழைப்பு, உலகத்தோட அரை நிமிஷப் புகை!

அப்புறம் ஏன் இந்த வேலைன்னு கேப்பீங்க. புகையை நிறுத்தின பிறகும் மேலே இருக்கறது ரொம்ப காலம் அங்கேயேதான் இருக்கும். அதை எடுக்க அன்னிக்கு மெஷின் வேணும். அன்னிக்கு உக்காந்து வரைய ஆரம்பிச்சா நேரம் பத்தாது.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன் மக்கா. "மெஷின்தான் வந்துடுச்சே, இனி எவ்வளவு வேணா எரிக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மெஷினை வரையறவனே சொல்றேன்.