பொட்டிபுரத்து மலையிலிருந்து பிரான்சுக்கு

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் செல்லும் ரயிலில் ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். 1928இல் தொடங்கிய அந்தப் பாதை, அகலப்படுத்துவதற்காக 2010இல் மூடப்பட்டு, 2023 ஜூன் மாதத்தில்தான் மீண்டும் போடி வரை திறக்கப்பட்டது. ஆண்டிபட்டியைக் கடந்தபின் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் எழுந்து நிற்கும். தேனியில் இறங்கிப் பேருந்து ஏறினால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பசுமையான ஊர்கள் வரிசையாக வரும். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையின் நீர் நெல்லையும் வாழையையும் திராட்சையையும் வளர்க்கிறது. மலைமேல் விளையும் ஏலக்காய் போடிச் சந்தையில் விலை பேசப்படுகிறது.

இப்பள்ளத்தாக்கில் விவசாயமும் வியாபாரமும் செய்து வாழும் நம் குடும்பங்கள் கல்வியையும் மறந்துவிடவில்லை. உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி பட்டப்படிப்பை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. ஆயினும் பௌதிகம் படிக்கும் பிள்ளையை நோக்கி, "இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்காத வீடு அரிது.

அக்கேள்விக்கு ஒரு விடைபோல, இப்பகுதியின் மலையொன்றே அறிவியல் உலகில் பெயர் பெற்றது. போடி மேற்கு மலையில், பொட்டிபுரத்தை அடுத்த அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. நியூட்ரினோ என்பது அணுவினும் மிகச் சிறிய துகள். சூரியனிலிருந்து புறப்படும் இத்துகள்கள் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி வீதம் நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன, நாம் உணர்வதில்லை. மற்றத் துகள்களைப் பாறை தடுத்து நிறுத்திவிட, நியூட்ரினோ மட்டும் கடந்து வரும். ஆகவேதான் மலையின் அடிவயிறு தேவைப்பட்டது. சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கமும், 50,000 டன் இரும்பாலான கருவியும் திட்டத்தில் இருந்தன.

2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்ச் செலவில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மலைக்கும் நீருக்கும் காட்டுக்கும் கேடு வருமென்று உழவர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தனர். வழக்குகள் எழுந்தன. 2022இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. ஆய்வுக்கூடம் எழவில்லை. இரு தரப்பின் வாதங்களையும் எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்துறையில் ஆர்வம் கொண்ட பிள்ளை இனி எங்கே செல்வது என்பதே நம் கேள்வி.

அதற்குப் பொருத்தமான நாடுகளுள் ஒன்று பிரான்சு. அங்கே ஆல்ப்ஸ் மலையில், இத்தாலிக்குச் செல்லும் ஃப்ரேஜூஸ் சுரங்கச் சாலையின் நடுவே, 1,700 மீட்டர் பாறைக்குக் கீழே மொதான் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. நியூட்ரினோ தொடர்பான ஆய்வு அங்கே பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. அருகிலுள்ள கிரெனோபிள், பாரிஸை அடுத்த சாக்லே ஆகிய இடங்களின் பல்கலைக்கழகங்கள் பௌதிக முதுகலைக்குப் பெயர் பெற்றவை. அங்கே செல்லும் பிள்ளைக்குக் காத்திருப்பது என்ன என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, படிப்பின் முறை. முதுகலை என்பது இரண்டு ஆண்டு, நான்கு பருவம். விரிவுரை ஒருபுறம், கணக்குகளைக் கரும்பலகையில் போட்டு விவாதிக்கும் வகுப்பு மறுபுறம், செய்முறை வேறு. பாடத்தை மனனம் செய்து ஒப்பிப்பதால் பயனில்லை. மூன்று மணி நேரத் தேர்வில் அதுவரை கண்டிராத ஒரு கணக்கை முதலிலிருந்து முடிவுவரை தாமே தருவித்துக் காட்ட வேண்டும். மதிப்பெண் 20க்கு வழங்கப்படும். 10 தேர்ச்சி, 14 "நன்று", 16 "மிக நன்று". நம் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பிள்ளை 12 என்ற எண்ணைக் கண்டு மனமுடைந்து எழுதினால், அத்தாமார்களே, கடிந்துகொள்ளாதீர்கள். அங்கே அது மதிக்கத்தக்க மதிப்பெண்ணே. இரண்டாம் ஆண்டில் சில மாதங்கள் ஓர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்குப் பெரும்பாலும் அதுவே வாசல். பௌதிகத்தில் அந்த ஆய்வு பொதுவாக மூன்றாண்டு, ஊதியத்துடன் கூடியது.

இரண்டாவது, மொழி. ஆங்கிலவழி முதுகலைகள் உண்டு. ஆயினும் பல இடங்களில் முதலாண்டுப் பாடம் பிரெஞ்சில்தான். பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் வாடகை ஒப்பந்தமும் வங்கியும் மருத்துவரும் பிரெஞ்சில்தான். ஹைதராபாத்தில் 1908இல் பிறந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் பாரிஸில் பல்லாண்டு வாழ்ந்து, திருக்குர்ஆனைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து 1959இல் வெளியிட்டதை நினைவில் கொள்ளுங்கள். ஊரை விட்டுப் புறப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்பே பிரெஞ்சைத் தொடங்கிவிட வேண்டும்.

மூன்றாவது, பணம். ஐரோப்பிய மாணவர் ஆண்டுக்குச் சுமார் 250 யூரோ கட்டும் முதுகலைக்கு, பிற நாட்டார்க்கு 2019இல் 3,770 யூரோ என்று விதிக்கப்பட்டு, பின்னர் சற்று உயர்ந்தது. நம் பணத்தில் ஏறத்தாழ 4 இலட்சம். பல பல்கலைக்கழகங்கள் விலக்கு அளித்து வந்துள்ளன. ஆனால் இவ்விதிகள் மாறிவருவதால் சேரும் ஆண்டின் நிலையை எழுதிக் கேட்டறிய வேண்டும். வாடகை உதவியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஆனால் பௌதிகப் படிப்பின் சுமை அவ்வளவுக்கு இடம் தராது. ஈஃபெல் உதவித்தொகைக்கு மாணவரின் பெயரைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்க வேண்டுமாதலால் முன்கூட்டியே விண்ணப்பிப்பது அவசியம். தோட்டத்தை அடகு வைக்கும் முன் இவையனைத்தையும் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

நான்காவது, மார்க்க வாழ்க்கை. அரசுப் பள்ளிகளில் தலைமறைப்பைத் தடுக்கும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழக மாணவியரைக் கட்டுப்படுத்தாது. எனினும் ஆய்வுக்கூடப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட வேண்டும். பின்னாளில் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஊதியம் பெற்று ஆய்வு செய்யும்போது, அரசு ஊழியர்க்குரிய சமயச் சார்பின்மை விதி குறுக்கே வரும். பெண் மக்களை அனுப்புவோர் இதை இப்போதே அறிந்திருக்க வேண்டும். தொழுகைக்கென்று தனி அறையைப் பல்கலைக்கழகத்தில் எதிர்பார்க்க வேண்டாம். டிசம்பரில் பாரிஸில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைவதால் ளுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வகுப்பு நேரத்திலேயே நெருங்கி வரும். ஜூனில் மஃரிபே பத்து மணியை ஒட்டி வரும். மாணவர் உணவகத்தில் விலை மலிவு. ஹலால் இறைச்சி பொதுவாகக் கிடைக்காது. மீனும் காய்கறியும் துணை. வெளியே பெருநகரங்களில் ஹலால் கடைகளுக்குக் குறைவில்லை. பாரிஸில் 1926இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. லா ஷப்பேல் பகுதியில் தமிழ்க் கடைகளில் நம் ஊர் மசாலாவும் கிடைக்கும்.

இவற்றையெல்லாம் விடக் கடினமானது ஒன்றுண்டு. அங்கே வகுப்புக்கு வராத மாணவனைத் தேடி வீட்டுக்குக் கடிதம் வராது. அவனை வளர்ந்த மனிதனாகவே நடத்துவார்கள். அந்தச் சுதந்திரத்தில் உயர்ந்தவர்களும் உண்டு, தொலைந்தவர்களும் உண்டு. ஆகவே கல்லூரிக் காலத்திலேயே பிள்ளை தன் நேரத்தையும் பணத்தையும் தொழுகையையும் தானே பேணப் பழகட்டும். பயணச்சீட்டுக்கு முன்னால் பெற்றோர் தர வேண்டிய சீதனம் அதுவே.