நூல் அறுவது ஏன்?

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் ஐவருக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தேன். கடையில் அளந்து வாங்கும் மெஷின் லேஸ் அல்ல. தலையணைமேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்ன மரக் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கையால் பின்னுவது. 1820-களில் மார்த்தா மால்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி நாகர்கோவிலில் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுத்த கலை இது. என் பாட்டியார் அந்த ஊர்க்காரர். கலியாணமாகி இங்கு வந்தபோது பெட்டியில் நாற்பது குச்சிகளையும் கொண்டுவந்தார். காலையில் பால் வெட்டு, மாலையில் லேஸ். அந்தக் குச்சிகளைத்தான் ஆளுக்கு எட்டாகப் பிரித்துக் கொடுத்தேன்.

ஐவரில் ஒருத்திக்கு மட்டும் நூல் அறுந்துகொண்டே இருந்தது. இத்தனைக்கும் அவள்தான் நல்ல கைப்பாங்கு உள்ளவள். மூன்றாம் முறை அறுந்தபோது, "மாட்டையா பிடிச்சு இழுக்கிறே?" என்று எல்லார் முன்னும் கேட்டுவிட்டேன். பாட்டி என்னிடம் கேட்கும் கேள்விதான் அது. ஆனால் பாட்டி, "ஏன் மக்ளே" என்று தொடங்குவார்; எனக்குச் சிரிப்பு வரும். இவள் அழுதாள். மறுநாள் வரவில்லை.

அன்றிரவு அவளுடைய தலையணையை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். அறுந்த மூன்று இடங்களும் ஊசியை ஒட்டியே இருந்தன. ஊசியைப் பிடுங்கினால், துரு! பாட்டி பித்தளை ஊசி தவிர வேறு தொடமாட்டார். நான்தான் சிக்கனம் பார்த்து மலிவான இரும்பு ஊசி வாங்கியிருந்தேன். நம் ஊர் ஈரக் காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? அதன் சொரசொரப்பில் நூல் உரசி உரசித் தேய்ந்திருக்கிறது.

இழுப்பதால் மட்டுமா நூல் அறுகிறது? குச்சி தலையணைமேல் உருளும்போதெல்லாம் நூலின் முறுக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். நூல் பஞ்சுபோல் உப்பித் தெரிந்தால், முறுக்கு ஏறும் பக்கமாகக் குச்சியைச் சில சுற்று உருட்டிவிட வேண்டும். நூல் குட்டையானால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. குச்சியைப் படுக்கையாகப் பிடித்துத் திருப்பினால், கழுத்துச் சுருக்கு விட்டுக்கொடுத்து நூல் தானே இறங்கும். வெயிலில் கிடந்த நூலையும் நம்பக் கூடாது. பாட்டியின் நூல் எப்போதும் மைலோ டின்னில்தான் இருக்கும். அப்படியும் அறுந்தால், புது நூலைச் சற்று மேலே உள்ள ஊசியில் மாட்டி, பழைய நூலோடு சேர்த்துச் சில பின்னல் போட்டுவிட்டு, நுனிகளைப் பிறகு வெட்டலாம். இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். ஊசியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் மாலை பித்தளை ஊசிகளோடு அவள் வீட்டுக்குப் போனேன். "உன் கைமேல தப்பில்லம்மா. டீச்சர் வாங்கின ஊசிதான் துருப்பிடிச்சிருந்தது" என்றேன். அவள் அம்மா, "அதுக்கு என்னங்க டீச்சர், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெண் ஒன்றும் பேசவில்லை. ஊசிப் பொட்டலத்தை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நுனி வளைந்திருந்த இரண்டை மட்டும் ஒதுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.