கூழ்ப்பானையும் கொரிய வேரும்

தருமபுரி மாவட்டத்து இண்டூரைச் சூழ்ந்த புன்செய்களுக்குக் கேழ்வரகு பழைய உறவு. அதன் மாவைக் களியாகக் கிண்டியும் கூழாகக் காய்ச்சியும் உண்டு வளர்ந்தவர் எம் ஊரினர். இவ்விரண்டனுள் கூழே ஆராயத்தக்கது. முதல்நாள் மாலை மாவை நீரிற் கரைத்து மண்பானையில் மூடிவைப்பர். மறுநாள் நொய்யரிசியை வேகவைத்து, புளித்த கரைசலை அதனொடு சேர்த்துக் கிளறிக் காய்ச்சுவர். அதனையும் ஓரிரவு வைத்திருந்து, மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு பருகுவர். இத்துணைக் காத்திருப்பும் சுவைக்காக மட்டுமோ?

100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணச்சத்து உண்டு. அரிசியில் அதன் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கேழ்வரகில் இரும்புச்சத்தும் உண்டு. ஆயினும், உண்டவை அனைத்தும் உடம்பிற் சேர்வதில்லை. தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் அச்சத்துகளை இறுகப் பற்றிக்கொள்கின்றது. கரைசலில் பெருகும் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்ய, அப்புளிப்பில் பைட்டேஸ் என்னும் நொதி முனைந்து தொழிற்பட்டுப் பைட்டிக் அமிலத்தைச் சிதைக்கின்றது. இந்நொதி தானியத்திலேயே உண்டு. நுண்ணுயிர்களுள் சிலவும் இதனைத் தருகின்றன. பிடி தளர்ந்த சத்துகளைக் குடல் எளிதில் ஏற்கின்றது. நொதித்தல் என்னும் வினையினின்று நொதி என்னும் பெயரை அமைத்தோர் நன்கு அமைத்தனர். 'என்சைம்' என்னும் கிரேக்கவழிச் சொல்லும் புளிப்பினுள் இருப்பது என்றே பொருள்படும்.

கொரியர் பெரிதும் போற்றும் ஜின்செங் வேரிலும் இதனையொத்த செய்தி உண்டு. நம் அமுக்கராவை 'இந்திய ஜின்செங்' என்று விற்போர் உளர். அவை வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். ஜின்செங் வேரிலுள்ள ஆர்பி-1 என்னும் பொருள் நான்கு சர்க்கரைக் கூறுகளைச் சுமந்து நிற்பது. அச்சுமையோடு குடற்சுவரைக் கடத்தல் அதற்கு அரிது. குடல்வாழ் நுண்ணுயிர்களின் நொதிகள் அவற்றுள் மூன்றைக் கழற்றிவிட, எஞ்சும் 'காம்பவுண்டு கே' என்னும் பொருள் எளிதில் குருதியிற் சேர்கின்றது. ஆனால் அந்நுண்ணுயிர்கள் எல்லார் குடலிலும் ஒரு தன்மையாய் இரா. ஒரே வேரை இருவர் உண்டாலும் பயன் ஒன்றாகாது. ஆதலின் அறிஞர், பாக்டீரியாக்களினின்று அந்நொதிகளைப் பெற்று, அம்மாற்றத்தை ஆய்வுக்கலத்திலேயே நிகழ்த்துகின்றனர். உயிரணுவின் துணையின்றியும் நொதி தொழில்புரியும் என்பதை, ஈஸ்ட்டைப் பிழிந்தெடுத்த சாற்றைக் கொண்டு 1897-இல் நிறுவியவர் ஜெர்மானியரான எட்வர்டு பூக்னர். அவர் 1907-இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வாறு மாற்றிய பொருள் எந்நோயையும் தீர்க்குமென வணிகர் கூறுவதை நான் நம்புவதில்லை. குருதியிற் சேர்வது வேறு. நோய் தீர்ப்பது வேறு.

மாணவர்களே! இன்று பல இல்லங்களில் மாவைக் கொதிநீரிலிட்டு உடனே கஞ்சியாக்கிக் கொடுக்கின்றனர். அடுப்பின் வெம்மையில் நொதி அழிந்துவிடும். பைட்டிக் அமிலமோ பெரும்பாலும் எஞ்சி நிற்கும். சோர்ந்து வாடும் சிறுவர்க்குச் சேரவேண்டிய இரும்புச்சத்திற் பெரும்பங்கு இவ்விரைவால் வீணாகின்றது. புளிக்கவைக்க இயலாதார், கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவையேனும் கொள்ளலாம். முளைக்கும் விதை பைட்டேஸைத் தானே எழுப்பிக்கொள்ளும். கட்டுண்ட அச்சத்து அதன் இளமுளைக்கும் வேண்டுமன்றோ?