கொட்டியாரக் கரையில் இரு காய்ச்சல்கள்

திருகோணமலையிலிருந்து கிண்ணியாப் பாலத்தைக் கடந்து மூதூருக்குச் செல்வோர், ‘வெள்ளைக்காரன் மரம்’ எனப்பட்ட புளியமரத்தைச் சுட்டும் நினைவுக்கல்லைக் காணலாம். 1660இல் கண்டியரசனின் ஆட்கள் கப்பற்றலைவர் றொபேட் நொக்ஸையும் அவர் மைந்தனையும் சிறைப்பிடித்தது இக்கரையிலேதான். மறு ஆண்டே தந்தை உள்நாட்டுக் கிராமமொன்றில் காய்ச்சலால் மாண்டார். நடுக்கமும் கொதிப்புமாக மாறி மாறி வாட்டிய அந்நோய், மலேரியாவாகவே இருத்தல் வேண்டும்.

அந்த மலேரியா இலங்கையில் ஒழிந்ததென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆறுதலடைந்தோம். ஆனால் 2017 மார்ச்சில் கிண்ணியாவை டெங்கு உலுக்கிற்று! அவ்வாண்டில் நாடெங்கும் 1,86,000 பேருக்கு மேல் பீடிக்கப்பட்டனர்.

மலேரியா நுளம்பு ஆற்றங்குட்டைகளில் பெருகி இரவிற் கடிப்பது. இதுவோ நம் வீட்டுத் தொட்டியிலும் சிரட்டையிலும் வளர்ந்து பகலிற் கடிப்பது. திடீர்க் கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னே வலி, மூட்டுளைவு ஆகியன அறிகுறிகள். பரசிட்டமோலை அளவோடு கொடுத்து, நீராகாரத்தை மிகுதியாகப் பருகச் செய்க. அஸ்பிரின் ஆகாது, அது குருதிப்போக்கைத் தூண்டும்.

காய்ச்சல் தணிந்ததும் தாய்மார் நிம்மதியடைவது இயல்பு. ஐயோ, அபாயம் தொடங்குவது பெரும்பாலும் அப்பொழுதுதான்! வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசிற் குருதி, கைகால் குளிர்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், பொழுது விடியட்டும் என்றிராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.